செல்விக்குத் தலை வாரிவிட்டது யார்?

மல்லிகை எண்ணெய் வாசனை... அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து என் மகளை வாரித் தூக்கியபோது அவள் தலையில் அதுதான் அடித்தது. மீன் வாசனையைத் தவிர வேறெதுவும் அறியாத குப்பத்துப் பிள்ளை.

போன வாரம் செம்பாக்கத்தில், இப்போது அவள் குடியிருக்கும் வீட்டில் ஒரு கொரியாப் படம் பார்த்தோம். எனக்குப் படிக்கத் தெரியாது. கீழே ஓடும் எழுத்தைச் செல்விதான் படித்துச் சொன்னாள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

தவளை பிடிக்க மலைக்குப் போன பையன்கள் வீடு திரும்பவில்லை. போலீஸ், பட்டாளம், ஊர்ஜனம்... தேடாத இடமில்லை. பல வருஷம் கழித்து அதே மலையில் எலும்பாகக் கிடைக்கிறார்கள். நிஜமாகவே நடந்த கதையாம்.

"கொன்னவன் யாரும்மா?"

"கண்டுபுடிக்கவே இல்ல நைனா."

"அப்ப படம் முட்ஞ்சிச்சா?"

"முட்ஞ்சிச்சி."

எனக்கு மனசு ஆறவில்லை. யாரென்றே தெரியாமல் அந்த அப்பன்காரர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? யோசனை அப்படியே கோவளத்துக்குப் போய்விட்டது...

செல்விக்கு அப்போது நாலு வயசு இருக்கும். கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் பிள்ளையைக் காணோம். கடற்கரைக்காரர்களுக்குப் பிள்ளை தொலைந்தால் ஒரே திசைதான் தெரியும். எல்லாரும் கடலைப் பார்த்து ஓடினோம். கரையோரமாக வலை இழுத்தோம். வலை கனத்தபோதெல்லாம் கயிற்றைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். என் சம்சாரம் கன்னிம்மா மணலில் புரண்டு, "கடலம்மா, எம்புள்ளய குட்த்துடு!" என்று கத்தினாள்.

ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை ரோட்டு வழியாகத்தான் போயிருந்தாள். மீன் கூடைக்காரப் பெண்கள் பின்னாலேயே தாம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒருத்தி மற்றவளோடு வந்த பிள்ளை என்று நினைக்க, மற்றவளும் அப்படியே நினைக்க... மார்க்கெட்டில் இறங்கி ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. நான் தாம்பரத்துக்கு ஓட நினைப்பதற்குள் அடுத்த பஸ் வந்து நின்றது.

"இன்னாபா, யார் கொழந்த இது?" என்றார் கண்டக்டர். "தாம்பரத்துல ஒரு அம்மா ஏத்திவுட்டாங்க. கோவளம்னு புள்ளயே சொல்லிச்சாம், அங்க எறக்கிவுட சொன்னாங்க."

"எந்த அம்மா சார்?"

"அந்தக் கூட்டத்துல மூஞ்சிய எங்க பாத்தேன்!"

ரெட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், கனகாம்பரம். வயிறும் நிறைந்திருந்தது. மறுநாள் காலையில் மீன் குழம்பைத் தள்ளிவிட்டு, "தயிர் சோறு" என்றாள்.

"நம்ம வூட்ல தயிர் ஏதுடி?" கன்னிம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த அம்மா யார்? கூடைக்காரிகளைக் கேட்டேன், மார்க்கெட் கடைகளில் கேட்டேன். துப்பே இல்லை.

போன வாரம் படம் முடிந்து டிவியை அணைத்த செல்வி, சும்மா சொல்வதுபோலச் சொன்னாள். "ஒரு பச்ச கதவு நைனா... கீழ பூனை ஒண்ணு படுத்துகினு இருந்துச்சி. அது மட்டும் ஞாபகம் கீது."

"அடிப்பாவி! இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"ஊரையே கேட்ட. என்னிய எங்க கேட்ட?"

உண்மைதான்...

இப்போது செம்பாக்கத்தில் வீட்டுக்கு வீடு கேமரா. இன்று என்றால் அந்த முகத்தை உடனே பார்த்துவிடலாம். ஆனால் தெருவில் நிற்கும் பிள்ளையை உள்ளே கூட்டிப்போய்த் தலை வார இன்று யாருக்குத் தைரியம் வரும்? பிள்ளை பிடிக்கிறவள் என்று போனில் படம் போட்டுவிடுவார்கள்.

நேற்று மார்க்கெட்டுக்குப் பின்னால் தெருத்தெருவாக நடந்தேன். எல்லாம் அடுக்குமாடி, இரும்பு கேட். பச்சைக் கதவு ஒன்றுகூட இல்லை. திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது... அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்ததா என்று அந்த அம்மாவுக்கும்தானே தெரியாது!

உங்கள் வீட்டில் எந்தக் கிழவியாவது எப்போதாவது இப்படிக் கேட்டிருந்தால், அவளிடம் சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்துவிட்டது தாயே. இதோ, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது.