ஸ்டூல் இருந்த இடம்

நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கலாம். காபி நானே போட்டுத் தருகிறேன். ஆனால் நாலு மணிக்கு மேல் என்னையும் உங்களோடு உட்காரச் சொல்லாதீர்கள். நான் எதற்கும் சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. கரப்பான்பூச்சியைக் கையாலேயே பிடித்து வெளியே போடுவேன். இது நள்ளிரவில் நடந்த கதையும் இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஜன்னல் வழியே நல்ல வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் நடந்தது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாலைப் பார்த்ததுமே என் முகம் சுருங்கிவிட்டது. பச்சைச் சுவர். பழுப்பு வார்னிஷ் அடித்த கனமான நாற்காலிகள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதற்குள் யாருமே தேநீர் குடிக்காத தேநீர்க் கோப்பைகள். தூசி படிந்து நிறமே மாறிப்போன பிளாஸ்டிக் ரோஜாக்கள். ஆறு மாதம் பொறுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். பதினோரு வருஷம் ஆகியும் ஒரு நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்த முடியவில்லை.

காரணம் என் மாமனார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அந்த ஹாலில் அவர் எண்ணித்தான் நடப்பார். சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஆறு அடி. அங்கே சுவர் முடியும். கையை எடுத்துவிட்டு இன்னும் மூன்று அடி. ஒன்பதாவது அடியில் ஒரு மர ஸ்டூல். அதைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் பால்கனிக் கதவு. தினமும் 4.10க்கு எழுந்து பால்கனிக்குப் போய் உட்காருவார். கடிகாரம் தப்பினாலும் அவர் தப்ப மாட்டார். அதட்டிப் பேசியதே இல்லை. "எதையும் நகர்த்திடாதம்மா, எனக்கு எல்லாம் கணக்கு" என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

ஒரு நாள் அந்தக் கணக்குத் தப்பியது. விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, பால்கனிப் படியில் தலை மோதி, இரண்டே நாளில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார். எப்படி விழுந்தீர்கள் என்று மகன் கேட்டதற்கு, "எண்ணிக்கையில தப்பு பண்ணிட்டேன்டா" என்றாராம். என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஹாலை மாற்றும் பேச்சை நான்தான் எடுத்தேன்.

"அதுக்குள்ளயா?" என்றார் கணவர்.

"பார்க்கப் பார்க்க உங்களுக்கும் மனசு கஷ்டமாத்தானே இருக்கு" என்றேன்.

உண்மையில் கஷ்டம் எனக்குத்தான். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பழைய சாமான் வாங்குகிறவர் ஒரே வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். ஸ்டூலை மட்டும் அவர் தூக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. நானே மாடியிலிருந்து கீழே கொண்டுபோய் வண்டியில் வைத்தேன். சாம்பல் நிறத்தில் எல் வடிவ சோபா வந்தது. வட்டமான கண்ணாடி டீபாய், ஆள் உயரத்துக்கு ஒரு நிற்கும் விளக்கு, தரை விரிப்பு, டிவிக்குப் பின்னால் மரப்பட்டைகள் பதித்த சுவர். மற்ற சுவர்களுக்கு வெளுத்த மணல் நிறம். கடைக்காரப் பெண் படத்தில் காட்டியது அப்படியே என் வீட்டில் நின்றது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொல்கிறவள்.

முதல் விஷயம் சுவர்.

அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. மாமனாரின் உள்ளங்கை வருஷக்கணக்காக உரசி விழுந்த கோடு. பெயின்டர் அதைச் சுரண்டி, பட்டி பூசிச் சமன் செய்து, இரண்டு பூச்சு அடித்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் கோடு திரும்ப வந்திருந்தது. மெல்லிசாக... அதே உயரத்தில்.

பெயின்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"உள்ளேருந்து வரல மேடம். மேல பட்டிருக்கு. யாரோ எண்ணெய்க் கையோட தடவியிருக்காங்க."

"வீட்ல நாங்க ரெண்டு பேர்தான் அண்ணே."

"அப்ப சாரைக் கேளுங்க" என்று சிரித்தார். மூன்றாவது பூச்சுக்குக் கூலி கேட்காமல் அடித்துவிட்டுப் போனார்.

நான் வீட்டிலிருந்தே ஒரு துணிக்கடைக்கு இணையத்தில் ஆர்டர் பார்க்கும் வேலை செய்கிறேன். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். திங்கட்கிழமை ஹாலில் தடால் என்று ஒரு சத்தம். ஓடி வந்தேன். நிற்கும் விளக்கு தரையில் கிடந்தது. பால்கனிக் கதவு சாத்தியிருந்தது, காற்று இல்லை. மணி 4.12. விளக்கின் அடிப்பாகம் கனம் போதவில்லை போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை 4.11. டொக்... என்று ஒன்று. போய்ப் பார்த்தேன். டீபாய் ஒரு சாண் விலகியிருந்தது. மேலே சாய்ந்து விழுந்த வெயிலில் கண்ணாடியின் மேல் ஒரு கைத்தடம் தெரிந்தது. ஐந்து விரலும் விரிந்த முழுக் கை. துடைத்தேன்.

கணவரிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டிவரும். அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை வேலையை மூடிவைத்துவிட்டு, ஹாலுக்கு வந்து சோபாவின் மூலையில் உட்கார்ந்தேன். பார்த்துவிடலாம் என்ற ஒரு வீம்பு. மணி 4.05. ஒன்றுமில்லை. 4.08. கீழே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். 4.10.

சாய்வு நாற்காலி இருந்த மூலையில் பிரம்பு நெரிபடும் சத்தம் கேட்டது.

அந்த மூலையில் இப்போது ஒரு தொட்டிச் செடிதான் இருக்கிறது.

பிறகு சுவரில்... ஸ்ஸ்ஸ்... என்று உள்ளங்கை உரசும் சத்தம்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

குரல் தெளிவாக இல்லை. பக்கத்து அறையில் மூடிய கதவுக்குப் பின்னால் பேசுவது போல் இருந்தது. ஆனால் சத்தம் என் முன்னால், நாலடி தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் கால்களைத் தூக்கி சோபாவின் மேல் வைத்துக்கொண்டேன்.

"அஞ்சு... ஆறு..."

உரசல் நின்றது. சுவரிலிருந்து கை எடுத்தாயிற்று.

"ஏழு... எட்டு..."

டொக். டீபாய் நகர்ந்தது. என் கண் முன்னால், வெயிலில், தானாக ஒரு சாண் நகர்ந்தது.

பிறகு, காற்றில் எதையோ தேடிக் கை துழாவும் போது சட்டைத் துணி உரசுமே... அந்தச் சத்தம். நெடுநேரம் துழாவியது.

மறுபடி மூலையில் பிரம்பு நெரிந்தது.

"ஒண்ணு... ரெண்டு..."

நாலு தடவை. நாலு தடவையும் எட்டில் இடித்தது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மனிதர் வழி தெரியாமல் தவிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

ஐந்தாவது தடவை எண்ணிக்கை வரவில்லை.

"யாரும்மா நகர்த்தினது?"

கோபம் இல்லாத குரல். பதினோரு வருஷம் நான் கேட்ட அதே குரல்.

அவர் கேட்டது டீபாயை இல்லை. எனக்குத் தெரியும்.

அவர் விழுந்த அன்று மதியம் அந்த ஸ்டூலில் நான் கால் விரலை இடித்துக்கொண்டேன். எத்தனையாவது தடவையோ. ஆத்திரத்தில் அதைச் சத்தம் வராமல் தூக்கி, இரண்டு சாண் தள்ளி வைத்தேன். அவர் எதிரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுவதற்குள் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். 4.10க்கு அவர் எழுந்தபோது நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் எண்ண ஆரம்பித்ததைக் கேட்டேன். ஆறில் எனக்கு ஸ்டூல் ஞாபகம் வந்தது. எட்டில் அவர் நின்றார். முகத்தை என் பக்கம் திருப்பினார். ஒரு வார்த்தை போதும். "மாமா" என்றால் போதும். என் வாய் ஏன் திறக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு தடவை இடறினால்தான் இந்தச் சாமான்களை மாற்றச் சம்மதிப்பார் என்று மனசின் ஒரு மூலையில் ஓடியதோ என்னவோ. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

விழுந்தபிறகு நான் முதலில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யவில்லை. முதலில் ஸ்டூலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். அவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். முகம் என்னைப் பார்த்தபடி இருந்தது. அதன் பிறகுதான் போனை எடுத்தேன்.

"யாரும்மா நகர்த்தினது?"

இந்தத் தடவை குரல் அருகில்.

என் காலடியில்.

"நான்தான் மாமா" என்றேன்.



பிறகு காலடி கேட்டது. எண்ணிக்கை இல்லை. சுவர் உரசல் இல்லை. டீபாயைச் சுற்றி, விளக்கை ஒதுங்கி, சோபாவின் முனையில் வளைந்து... எதிலும் இடிக்காமல் பால்கனிவரை போய் நின்றது. மணி 4.26.

மன்னித்துவிட்டார் என்று நினைத்து அழுதேன். வழி கிடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் எந்தச் சத்தமும் இல்லை. சுவரில் கோடும் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கணவர் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம், அப்பா ஏன் செக்கப்புக்கு வருவதே இல்லை என்று. விஷயத்தைச் சொல்லப் போனவரிடம் ஃபைலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி வலது கண்ல ஆபரேஷன் பண்ணாங்கல்ல. சரியா வரலைன்னு நினைச்சோமே."

"ஆமா."

"வந்திருக்கு. மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. கடைசி செக்கப்ல, நான் வெளியில உட்கார்ந்திருந்தப்ப, இருபதடி தூரத்துல விரலை எண்ணிச் சொல்லியிருக்காரு. விழறதுக்கு ஒரு வாரம் முன்னாடி."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நம்மகிட்ட ஏன் சொல்லல?"

"நர்ஸும் கேட்டாங்களாம். 'கொஞ்ச நாள் சும்மா பாத்துட்டு இருக்கேன், அப்புறம் சொல்றேன்'னாராம்."

சமையலறை வாசலிலிருந்து ஒன்பதாவது அடிக்கு இருபதடிகூட இல்லை.

ஸ்டூலைத் தூக்கியதைப் பார்த்திருக்கிறார். தெரிந்தே நடந்திருக்கிறார். நான் கூப்பிடுவேனா என்று எட்டில் நின்று பார்த்திருக்கிறார். கீழே விழுந்து கிடந்தபோது ஸ்டூலைத் திரும்ப வைத்ததையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். எல்லாம் பார்த்துவிட்டு மகனிடம் எண்ணிக்கைத் தப்பு என்று சொன்னவர், செத்த பிறகு வந்து என்னிடம் ஏன் கேட்டார்? எனக்குத் தெரியவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கணவர் வீட்டில் இருந்தார். அவர் இருக்கும்போது இதுவரை எதுவும் நடந்ததில்லை. 4.10க்கு டீபாயின் அருகே உட்கார்ந்து போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

காலடி கேட்டது.

எண்ணாமல்... நிதானமாக... எதிலும் இடிக்காமல்.

என்னைத் தாண்டிப் போனது.

அவருடைய தோளருகே நின்றது.

யாரோ காதருகே பேசுவதைக் கேட்பது போல் கணவர் தலையைச் சாய்த்தார். பிறகு மெதுவாகப் போனைக் கீழே வைத்தார். ஸ்டூல் இருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணே?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து உள்ளே வந்துவிட்டேன். அவரும் பின்னால் வரவில்லை. வாயைத் திறந்து சொல்லும் துணிவு எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நாளைக் காலையில் இந்தத் தாள்களை டீபாயின் மேல் வைத்துவிடுவேன். மற்ற யாரும் எப்போது படித்தாலும் பரவாயில்லை. என் கணவர் மட்டும், மாமா மறுபடி வருவதற்கு முன், நாலு மணிக்குள் படித்துவிட வேண்டும்.