"ஏறிட்டேன்" என்ற ஒரு வார்த்தை

போன வருஷம் நான் கெந்திங் மலையில் சைக்கிளில் ஏறவில்லை. பாதி வழியில் கால் மரத்துப்போய் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். பின்னால் காரில் வந்த என் கணவர் "ஏறிக்கோ" என்றார். ஏறிக்கொண்டேன். உச்சியில் சைக்கிளை இறக்கி, என்னைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "ஏறிட்டீங்களா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். "ஏறிட்டேன்" என்று எழுதினேன். காரில் ஏறினேன்தானே! தமிழ் இவ்வளவு வசதியான மொழி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் கோயில் மகளிர் குழு எனக்குப் பொன்னாடை போர்த்தி தின்பண்டம் நிறைந்த ஒரு ஹேம்பர் கூடையும் கொடுத்தது. அதிலிருந்த பிஸ்கட்டைக் கூச்சமில்லாமல் தின்றேன். சீ!

அதனால்தான் இந்த வருஷம், ஐம்பது வயதில், மறுபடியும் கிளம்பினேன். முதல் நாள் கிள்ளானிலிருந்து அடிவாரத்துப் பத்தாங்காலி வரை. மறுநாள் மலை. ஏறிவிட்டால் பொய் மெய்யாகிவிடும், யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டிய மோட்டார் சைக்கிள் பாதையில் மிதித்தேன். சுபாங் ஜெயா பக்கத்துச் சுரங்கப்பாதையில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். அதில் யாரோ தின்று போட்ட நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் ஒரு குழந்தையின் பேம்பர்ஸும் மிதந்தன. எவன் வீட்டு அசிங்கமோ, என் காலுறைக்குள் புகுந்தது. "ஆன்டி, வீட்டுல சமையல் இல்லையா?" என்று ஒருவன் கத்திக்கொண்டே மோட்டாரில் தாண்டிப் போனான். "நீ போய்ச் சமைடா!" என்று நானும் கத்தினேன்.

பிரிக்பீல்ட்ஸில் கணவர் காத்திருந்தார். முகமெல்லாம் லோரிப் புகைக் கரியோடு தோசைக் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு முடியலன்னா பரவால்ல லா," என்றார் கணவர். "போட்டோதான் ஏற்கெனவே இருக்கே."

அன்பாகத்தான் சொன்னார். நான் பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

செலாயாங் மொத்தச் சந்தையருகே சிக்னலில் ஒரு மீன் லோரிக்குப் பின்னால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். லோரி குலுங்கிக் கிளம்பியது. பின்கதவிலிருந்து தெறித்த மீன் தண்ணீர் நேராக என் வாய்க்குள் போனது. ஹேண்டிலைப் பிடித்தபடியே தின்ற தோசையையெல்லாம் கக்கினேன். கார் வந்து நின்றது. கணவர் இறங்கி, சைக்கிளை ஏற்றப் பின்கதவைத் திறந்தார்.

"ஏறிக்கோ."

"அந்த வார்த்தைய இனிமே சொல்லாதீங்க! முன்னால போங்க!"

அவருக்கு எதுவும் புரியவில்லை. பாவம், போனார்.

சாயங்காலம் பத்தாங்காலி வந்து சேர்ந்தபோது என் நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. டீக்கடைக்காரப் பெண், "நாளைக்கு மலை ஏறுறீங்களா அக்கா? பயமா இல்ல?" என்று கேட்டாள்.

"போன வருஷமே ஏறிட்டா!" என்றார் கணவர், நான் வாயைத் திறப்பதற்குள். அவ்வளவு பெருமை அவர் முகத்தில். கடைக்காரப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்க என் தோளோடு ஒட்டி நின்றாள்.

"ஏறல," என்றேன். "கார்ல போனேன்."

அவள் சிரித்தாள். "அதனால என்னக்கா! போட்டோல யாருக்குத் தெரியப் போகுது?" சொல்லிக்கொண்டே படத்தை எடுத்தாள்.

நாளைக்கு நூறு முறை ஏறினாலும் இந்தப் பொய் போகாது என்று தெரிந்துவிட்டது. அங்கேயே போனை எடுத்துக் குடும்பக் குழுவுக்குக் குரல் பதிவு போட்டேன். "போன வருஷம் நான் மலை ஏறல. பாதியில கார்ல ஏறிட்டேன். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க." கணவர் என்னைப் பார்க்காமல் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பதிவைக் கேட்டே இருக்கமாட்டாள் நாத்தனார். "வாழ்த்துகள் அண்ணி! மறுபடியும் ஏறிட்டீங்களா!" என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பின்னாலேயே வரிசையாகப் பதினோரு பேர் கைதட்டினார்கள்.