குப்பை ரெக்கார்டும் ஒரு குத்தும்

பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊரில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கதவு திறந்ததும் தண்ணி லாரி வந்த தெரு மாதிரி ஆகிவிடும். முழங்கையால் இடிப்பார்கள், தள்ளுவண்டியைக் கணுக்காலில் ஏற்றுவார்கள், ஏற்றிவிட்டுப் பிரெஞ்சில் மன்னிப்பும் கேட்பார்கள். அங்கே ஒரே சட்டம்தான். வண்டியில் இருப்பது உங்களுடையது. கீழே போட்டுவிட்டால் எடுத்தவருடையது.

என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் அக்கா யாழ்ப்பாணத்துக்காரி. துறைமுகத்துக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவள். அன்று அவளுக்குப் பனிக்கால பூட்ஸ், அவள் பேச்சில் சப்பாத்து, வேண்டும், எனக்கு ரெக்கார்டு பிளேயர். மூடியில் விரிசல் விட்ட ஒரு சிவப்பு பிளேயர் கிடைத்தது. ஓட்டிப் பார்க்கச் சுவரோரம் பிளக் பாயின்ட் உண்டு. போட்டுப் பார்க்கத்தான் ஒரு ரெக்கார்டு தேவைப்பட்டது.

ரெக்கார்டு அடுக்கை ஒரு தடியன் மறித்து நின்றான். வாராவாரம் வருகிற வியாபாரி. பிடித்ததை வண்டியில் அடுக்குவான், பிடிக்காததைத் தரையில் எறிவான். அப்படி எறிந்த ஒன்று வழுக்கி வந்து என் பூட்ஸுக்கு அடியில் மாட்டியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். எழுத்து அச்சடித்த எதன்மேல் கால் பட்டாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வடை மடித்த காகிதத்தை மிதித்தால்கூட முதுகில் அறை விழும். எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றினேன்.

“என்னடி, சரஸ்வதி பூசையே?” என்றாள் அக்கா.

“கால் பட்டுருச்சுக்கா.”

“உந்தக் குப்பைக்கோ!”

குப்பைதான். அட்டையில் ஆரஞ்சு கவுன் போட்ட ஒருத்தி எம்பிக் குதித்தாள். பின்பக்கம் முழுக்கக் கால்தடங்களும் அம்புக்குறிகளும். அந்தக் காலத்தில் ஊரையே பிடித்தாட்டிய ஏதோ ஒரு ஆட்டத்தை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாமாம். வாசித்தவர்கள் பெயர் எங்குமே இல்லை. அந்த ஆட்டத்தின் பெயரில் அவசரமாகக் காசு பார்க்கப் போட்ட மலிவுச் சரக்கு.

ஊசியை வைத்தேன்.

டிரம்ஸ் நெஞ்சில் ஏறி மிதித்தது. வாசித்தவன் தோலைக் கிழிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டும். சாக்ஸபோன் கழுத்து நெரிபட்டது போல அலறியது. பேஸ் கிட்டார் ஒரே இடத்தில் விடாமல் குத்தியது. கூலிக்கு வந்த ஆட்கள் யார்மீதோ இருந்த ஆத்திரத்தை இதில் கொட்டித் தீர்த்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே ஆடும் பாட்டுக்கு எவனாவது இப்படி அடிப்பானா? அக்கா சப்பாத்தும் கையுமாகத் தோளைக் குலுக்கத் தொடங்கினாள்.

தடியன் வந்து ஊசியைத் தூக்கினான்.

“என்னுடையது. வண்டியிலிருந்து விழுந்துவிட்டது” என்றான் பிரெஞ்சில்.

“நீங்கள் எறிந்தீர்கள்.” என் பிரெஞ்சு வகுப்பில் கற்றது. அதனால் மரியாதையாகத்தான் வந்தது.

“நீ முத்தமிட்டதைப் பார்த்தேன். அது என்ன விலை போகும் என்று உனக்குத் தெரியும்.”

கண்ணில் ஒற்றியதை முத்தம் என்று நினைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அது அவனுக்குப் பொறுக்கவில்லை. ரெக்கார்டை உருவினான். நான் மறு ஓரத்தைப் பிடித்தேன். என் மணிக்கட்டை முறுக்கி என்னை அலமாரியில் மோதினான். கண்ணாடித் தம்ளர்கள் சரிந்து நொறுங்கின. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். பத்தாவதோடு போதும் என்று புத்தகப் பையைப் பிடுங்க வந்த சித்தப்பாவிடமே விடாதவள் நான். இவனிடமா விடுவேன்? வலது கையை மடக்கி மூக்கில் குத்தினேன். ஏதோ நொறுங்கியது விரலில் தெரிந்தது.

“விடடா நாயே!” அக்கா சப்பாத்தின் குதியால் அவன் காதோடு சேர்த்து அறைந்தாள். அவன் பின்னால் சரிந்து பிளேயரின் மேல் உட்கார்ந்தான். சிவப்புப் பெட்டி அப்பளமாக நொறுங்கியது.

ரெக்கார்டு என் கையில் இருந்தது.

கடைக்காரப் பெண் ஓடி வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். “அவன் எறிந்தான். நான் பார்த்தேன்” என்று ஒரு ஹைட்டிப் பெண்மணி குரல் கொடுத்தார். சட்டம் சட்டம்தான். கடைக்காரப் பெண் ரெக்கார்டுக்கும் சப்பாத்துக்கும் ரசீது போட்டுக்கொடுத்து, இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்றாள்.

“பிளேயர் போச்சுது. இனி இதை எதில போடுறது?” என்றாள் அக்கா பஸ் நிறுத்தத்தில், என் உதட்டில் பனியை வைத்து அழுத்திக்கொண்டு.

தடியனின் வேன் எதிரே நின்றிருந்தது. மூக்கில் துணியோடு இறங்கி வந்தான். நான் மறுபடி கையை மடக்கினேன்.

“வேனில் பிளேயர் இருக்கிறது. மறுபக்கத்தை மட்டும் கேட்போம். உன் கையாலேயே போடு” என்றான். குரல் கெஞ்சியது. அவன் காதிலும் அந்த டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

எனக்குக் கேட்க ஆசை. அவனோடு சேர்ந்து கேட்கத்தான் மனம் வரவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

இன்னும் பிளேயர் வாங்கவில்லை. மறுபக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.