நான் பாஸ் போடாத மை

அந்த ஆளை நேரில் எப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது அந்த மரியாதை வரவில்லை. அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஒரு மைக் கம்பெனியில் எனக்குக் கெமிஸ்ட் வேலை. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழைய பங்களாவுக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை, நான்கு பெரிய தொட்டிகள், ஒரு குடோன். பேனா மை தயாரித்தோம். நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். அங்கே எல்லோருக்கும் நான் 'கெமிஸ்ட்டம்மா'. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயதுகூட ஆகவில்லை.

மை வியாபாரத்தில் ஆர்டர் வந்த பிறகு கரைத்து அனுப்ப முடியாது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். சாயத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, கிளிசரின் சேர்த்து, கெட்டுப்போகாமல் இருக்கப் பினால் ஊற்றி, தொட்டியில் நாள்கணக்கில் தெளியவிட்டு, வடிகட்டி, பாட்டிலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் மை பேனாவில் அடைத்துக்கொள்ளும். ஆகவே கோடைக்கு முன்பிருந்தே தயாரித்துக் குடோனில் அடுக்கி வைப்போம். எந்த நிறம் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியவன் சேல்ஸ் மேனேஜர். நான் சொல்லும் ஆள் அவன்தான். முதலாளியின் தங்கை கணவன்.

முதலாளி மயிலாப்பூர்க்காரர். யார் எதைச் செய்யலாம், யார் எதைத் தொடக்கூடாது என்பதில் மிகவும் கறார். மேஸ்திரி கரைக்கலாம், பினாலைத் தொடக்கூடாது. பினால் தோலில் பட்டால் வெந்துவிடும். அதனால் அது என் அறையில் இரும்பு பீரோவில் பூட்டியிருக்கும். அளந்து கொடுப்பது நான். மை சரியாக இருக்கிறது என்று பார்த்துப் பெட்டியில் 'பாஸ்' முத்திரை குத்துவதும் நான். முத்திரை விழாத பெட்டியைக் குடோன் கிளார்க் உள்ளே வாங்கமாட்டார். மேனேஜர் குடோனிலிருந்து கடைகளுக்கு அனுப்பலாம். கொட்டகைக்குள் அவனுக்கு வேலை இல்லை.

"ஒருத்தனே எல்லாத்தையும் தொட்டுண்டிருந்தா, நாளைக்கு சரக்கு கெட்டுப்போனா நான் யாரைக் கேக்கறது?" என்பார் முதலாளி.

அவனுக்கு இது வேப்பங்காயாகக் கசந்தது. அதுவும் ஒரு பெண் பாஸ் போட்ட பிறகுதான் அவன் சரக்கு நகரும் என்பது. நான் வடிகட்டிய மையைக் கண்ணாடியில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று, "என்னம்மா, தாலுக்கா ஆபீஸ் இன்னிக்குத் திறக்குமா?" என்று கேட்பான். பாட்டில் அடைக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவன் அவசரப்படுத்த அவசரப்படுத்த நான் இன்னும் மெதுவாகப் பார்ப்பேன். அந்த அளவுக்கு எங்களுக்குள் ஆகாது.

அந்த வருஷம் கறுப்புதான் ஓடும் என்று அவன் முடிவு கட்டினான். காலேஜ் பையன்கள் எல்லாம் கறுப்புக்கு மாறிவிட்டார்களாம். கோடை முழுக்கத் தொட்டிகளில் கறுப்பே ஊறியது. சின்னப் பிள்ளைகளை வாத்தியார்கள் நீலத்தில்தான் எழுதச் சொல்வார்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"நீ உன் டெஸ்ட் ட்யூபைப் பாரும்மா. மார்க்கெட்டை நான் பாத்துக்கறேன்" என்றான்.

முதலாளி கேட்டபோது, நீலம் போதுமான அளவு இருக்கிறது என்றும் அவன்தான் சொன்னான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மே கடைசியில் என் அண்ணன் கல்யாணம் திருச்சியில். பத்து நாள் விடுப்பு எடுத்தேன். பீரோ சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி, முதலாளி கையில் கொடுத்தேன். நான் இல்லாதபோது சாவி அவரிடம்தான் இருக்க வேண்டும். அவர் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் போய்விட்டார். முத்திரையை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

திரும்பி வந்த அன்று காலை அறைக்குள் நுழைந்ததும் டிராயர் கண்ணில் பட்டது. பூட்டுக்கு மேலே மரம் பிளந்து சிலாம்பு சிலாம்பாக நின்றது. யாரோ ஸ்குரூ டிரைவரால் நெம்பியிருந்தார்கள். முத்திரை மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் மூடாத இங்க் பேட். இரும்பு பீரோவை மட்டும் நெம்ப முடியவில்லை. கைப்பிடிக்குக் கீழே பெயின்ட் உரிந்திருந்தது.

குடோனுக்கு ஓடினேன். நீல மைப் பெட்டிகள். பெரும்பகுதி ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டது. மீதி ஒரு வரிசை மட்டும். எல்லாவற்றிலும் என் முத்திரை. ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். எங்கள் மைக்கு ஆஸ்பத்திரி வாசனை உண்டு. அது பினால் வாசனை. இதில் இல்லை. இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் இல்லை. பினால் இல்லாத மையில் பூசணம் பூக்கும்.

அவன் தன் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"என் டிராயரை உடைச்சது யார் சார்?"

"உக்காரு. எதுக்குக் கத்தறே? நீ பாட்டுக்கு ஊருக்குப் போயிட்டே. நீலம் கேட்டு வண்டி வாசல்ல நிக்கறது. குடோன்ல பாத்தா எல்லாம் கறுப்பு. மேஸ்திரியை வச்சு நீலம் கலக்கினேன். வேற என்ன பண்ணச் சொல்றே?"

"பினால் போடாம மை அனுப்பியிருக்கீங்க."

"பீரோவைப் பூட்டிண்டு போனது யாரு?"

"சாவி மயிலாப்பூர்ல சார்கிட்ட இருந்துது. ஒரு ஆளை அனுப்பிக் கேட்டிருக்கலாமே?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கேட்டிருந்தால், நீலம் போதும் என்று சொன்னது பொய் என்று தெரிந்திருக்கும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"பசங்க ரெண்டு மாசத்துல எழுதித் தீத்துடுவா. அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. போய் வேலையைப் பாரு."

மத்தியானம் முதலாளி வந்ததும் அவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பையைத் திறந்து என் கவரை எடுத்துக் கொடுத்தார். ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.

"சரக்கைத் திருப்பி வரவழைக்கணும் சார்" என்றேன்.

"வரவழைச்சா பேர் போயிடும்மா. கொஞ்சம் பொறு, பாப்போம்" என்றார்.

மீதியிருந்த பெட்டிகளையாவது நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். அவ்வளவுதான் செய்தார். டிராயருக்கு ஒரு தச்சனைக் கூப்பிட்டுப் புதுப் பலகை போட்டுக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நானும் அவனும் நேரில் பேசிக்கொள்ளவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் குடோன் கிளார்க் நடுவில் நடந்துகொண்டிருப்பார்.

ஜூலையில் தி. நகரிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். ரங்கநாதன் தெருப் பக்கம் நோட்டுப் புத்தகக் கடை. திருநெல்வேலிக்காரர், எங்களிடம் வருஷா வருஷம் நிறைய வாங்குகிறவர். கையில் ஒரு பெட்டி. அதை முதலாளி மேஜைமேல் தொப்பென்று வைத்து, ஒரு பாட்டிலைத் திறந்து, உள்ளே ஈர்க்குச்சியை விட்டுத் தூக்கினார். குச்சியோடு வெண்மையாக ஆடை மாதிரி ஒன்று தொங்கியது.

"இது மையா, பாசியா? நீங்களே சொல்லுங்க. பிள்ளைய பேனாவெல்லாம் அடைச்சுப் போச்சு. ஒரு வாத்தியாரு கடைக்கே வந்து ஏசுதாரு. எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். அவன் எனக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டான். நான் போகும்போது பெட்டியைத் திருப்பி முத்திரையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கெமிஸ்ட் பாஸ் போட்ட சரக்குதான் சார் இது. அனுபவம் பத்தாது, சின்னப் பொண்ணு. நாங்க பாத்துக்கறோம்."

"நான் அப்ப ஊர்லயே இல்ல" என்றேன்.

"போறதுக்கு முன்னாடி பாஸ் போட்டுட்டுப் போனா. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேளுங்கோ."

மேஸ்திரி ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர். அந்த இடத்தைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. கம்பெனிக் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு அறை தருகிறேன் என்று மேனேஜர் அவருக்குச் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வந்து கதவோரம் நின்றார். கை நீலமாக இருந்தது.

"கெமிஸ்ட்டம்மா சொல்லித்தான் கலக்கனோம் சார். அவங்கதான் அளந்து குட்த்தாங்கோ."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன்.

"இன்னாத்தமா பாத்து சொல்றது. சொன்னது சொன்னதுதான்" என்றார், தரையைப் பார்த்தபடி.

முதலாளிக்கு உண்மை தெரியும். கவரை அவர் கையாலேயே எனக்குக் கொடுத்திருக்கிறார். அவர் வாயைத் திறப்பார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான். அப்போது எனக்குள் இருந்த பயமெல்லாம் போய்விட்டது.

கடைக்காரரிடம் திரும்பினேன். "ஐயா, இந்த மையில பினால் போடலை. பினால் பூட்டின பீரோவுல இருந்துது, சாவி இதோ இந்த சார் வீட்டுல இருந்துது. இவர் என் டிராயரை உடைச்சு முத்திரையை எடுத்துக் குத்தியிருக்கார். எங்ககிட்ட வாங்கின நீலத்தை ஒரு பாட்டில்கூட விக்காதீங்க. எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க."

கடைக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மறுக்கவில்லை.

"இந்தப் பிள்ளையாவது வாயத் தொறந்து சொல்லுதே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் முதலாளி என்னைப் பார்த்தார். அவ்வளவு கோபத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"வெளி மனுஷா முன்னாடி என் மாப்பிள்ளையைத் திருடன்கறே."

"நீங்க சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன் சார்."

"இனிமே பீரோ சாவியும் முத்திரையும் மாப்பிள்ளைகிட்ட இருக்கட்டும். நீ டெஸ்ட் பண்ணி அவர்கிட்ட சொல்லு. அவர் பாஸ் போடுவார். சம்பளம் குறைக்கமாட்டேன்."

அவன் கையை நீட்டினான். சிரிக்கவில்லை, அவ்வளவு அவசரம். சாவியை மேஜைமேல் வைத்தேன். முத்திரையை மட்டும் கொடுக்கவில்லை. அதில் என் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, என் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். முத்திரை இல்லாமல் அவர்கள் திண்டாடுவார்கள் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். குடோன் கிளார்க்கை மாம்பலம் மார்க்கெட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது, மறுநாளே புதிதாக ஒன்று செய்துவிட்டார்களாம். திரும்பி வந்த நீல மையைக் காம்பவுண்டுக்குள்ளேயே பள்ளம் வெட்டிக் கொட்டினார்களாம். அதைக் கொட்டியதும் மேஸ்திரிதான்.

வேலை தேடிப் போன இடங்களில் பழைய முதலாளிக்குப் போன் செய்து விசாரித்தார்கள். 'பொண்ணு கெட்டிக்காரி, ஆனா வாய் ஜாஸ்தி' என்று அவர் சொல்கிறார் என்பதை ஒரு இடத்தில் என்னிடமே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அப்பா, கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம் என்றார். அவரோடும் பேச்சு வார்த்தை முறிந்துபோய்ச் சில நாள் கிடந்தேன். கடைசியில் கே.கே. நகரில் பல்பொடி தயாரிக்கும் ஒரு அம்மாள் என்னை எடுத்துக்கொண்டார். அவர் யாருக்கும் போன் செய்யவில்லை.

நாலைந்து வருஷம் கழித்துப் பாண்டி பஜாரில் அவன் எதிரே வந்தான். உடம்பு பெருத்து, தலை நரைத்து, பக்கத்தில் மனைவி. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம பழைய கெமிஸ்ட்! சௌக்கியமா? வரயா மறுபடியும்? நல்ல ஆள் கிடைக்கமாட்டேங்கறா."

"இப்ப யார் பாஸ் போடறாங்க?"

"நான்தான். எல்லாம் நான்தான்" என்றான், பெருமையாக.

அவன் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவளுக்குத் தலையசைத்தேன். அவனுக்குப் பதில் சொல்லாமல் பக்கத்திலிருந்த வளையல் கடைக்குள் நுழைந்து, அவன் போகும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.