பரியத்தில் குறைந்த பணம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் பதினொரு பேர். மாப்பிள்ளை பக்கம் நான்கு பேர்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, தாய்மாமன். வாழவந்தி நாட்டிலிருந்து காலை பஸ்ஸில் சோளக்காடு வந்து, அங்கிருந்து நடந்து வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி, தங்கை, நான். நடுவில் உட்கார்ந்து பேசி முடிக்க எங்கள் ஊர்க்கவுண்டர். இதோடு பத்து. பதினொன்றாவது ஆள் என் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது எனக்கு மூத்தார், பத்துப் பேர் என்றுதான் சொன்னார். காப்பி டம்ளர் பத்துதான் கழுவி வைக்கச் சொன்னார்.

நாத்தனாருக்குப் பரியம் கொடுக்கிற நாள் அது. எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஐயாயிரம் என்று ஆள் வைத்து ஏற்கெனவே பேசியிருந்தது. ஊர்க்கவுண்டர் முன்னால் தட்டில் வைத்து எண்ணிக் கொடுத்துவிட்டுக் கல்யாண நாள் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இரண்டு இடத்துக்கும் யாரோ போய், அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது, வாய் பேசாது, ஆள் முகம் பார்க்காது, ஆடிக்கொண்டே இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நாத்தனாருக்கு இருபத்து நான்கு வயது ஆகிவிட்டது. எங்கள் பக்கம் அது பெரிய வயது.

அதனால் முந்தின நாள் சாயங்காலமே மூத்தார் எங்கள் எல்லோரையும் அடுப்படியில் கூட்டி வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எதையும் கனைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

"நாளைக்குப் புள்ளைய வெளிய உட்றாதீங்க. தப்பித் தவறி வந்துட்டா யாரு புள்ளைன்னு கேப்பாங்க. பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க, அவிங்க அப்பனாத்தா வேலைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லோணும். ஆளுக்கு ஒண்ணு சொன்னா மாட்டிக்குவோம். எங்க, சொல்லு பார்க்கலாம்."

முதலில் அவர் மனைவி சொன்னாள். பிறகு என் வீட்டுக்காரர். அவர் வாய்க்குள்ளேயே முனகினார். "கேக்கலடா. எங்க, சொல்லு பார்க்கலாம்" என்றார் மூத்தார். அடுத்தது என் முறை. நானும் சொன்னேன். கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நாத்தனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்காகச் சொன்னேன். என் மகள் மூலையில் சாமைக் கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன புரியப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெற்றவள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு முந்தின வருஷம்தான் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தோம். டாக்டர் ஒரு பெயர் சொன்னார். நான் ஐந்தாவதோடு நின்றவள், திரும்பி வருவதற்குள் மறந்துவிடும் என்று பயந்து, தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் பெரிதாக 'ஆட்டிசம்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை இருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன். எனக்கு எல்லாவற்றையும் அப்படித் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அடுப்பு அணைந்ததா, மாட்டைக் கட்டினேனா, அவள் மூச்சு விடுகிறாளா.

மறுநாள் அவர்கள் வருவதற்கு முன்பே அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, பின் அறையில் சாமைக் கூடையோடு உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினேன். வெளியே ஒரு கொக்கி உண்டு. மாட்டினேனா இல்லையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. மாட்டியதாகவும் ஞாபகம் இருக்கிறது, அவசரத்தில் அப்படியே விட்டதாகவும் ஞாபகம் இருக்கிறது.

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். தாய்மாமன் பேச்சுக்காரர். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங்க, மொளகு வெளையுதுன்னு அதைக் காப்பியிலயுமா போடுவீங்க? தொண்டை காந்துதே!" என்றார்.

"அது சுக்குங்க. உங்க பக்கம் சுடுதண்ணியத்தான் காப்பின்னு சொல்லுவாங்களாட்ட இருக்குது" என்றாள் மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படி நிலையில் நின்றுகொண்டு ஒரு காதை இங்கேயும் ஒரு காதைப் பின் அறையிலும் வைத்திருந்தேன். அவள் சந்தோஷமாக இருந்தால் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருப்பாள். அது கேட்கிறவரை பயமில்லை, ஆனால் இவர்களுக்கும் கேட்டுவிடுமே என்று பயம். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம் எடுத்து வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மடியிலிருந்து பணத்தை எடுத்தார். அந்த நேரம் பார்த்து 'ம்ம்ம்' நின்றுபோனது.

நான் திரும்புவதற்குள் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். இரண்டு கையிலும் சாமைத் தூசி. யாரையும் பார்க்காமல் நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய், அவர் கட்டியிருந்த புதுச் சேலையின் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். புதுத்துணியின் கஞ்சி வாசம் என்றால் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "அட சாமி, யாரு இது? யாரு புள்ள கண்ணு நீ?" என்றார்.

அத்தனை பேரும் மனப்பாடம் செய்தோமே, ஒருவருக்கும் வாய் வரவில்லை. என் மகள்தான் பேசினாள். முதலில் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க. அவிங்க அப்பனாத்தா வேலைக்குப் போயிருக்காங்க. எங்க, சொல்லு பார்க்கலாம்."

அப்படியே மூத்தாரின் குரல். அவள் சொந்தமாகப் பேசுவது குறைவு, கேட்டதைச் சில சமயம் கேட்ட மாதிரியே திருப்பிச் சொல்வாள். பஸ் கண்டக்டர் சொன்னதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அன்று வந்தவர்களுக்கு அது தெரியாது. தாய்மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். "பக்கத்து ஊட்டுக்காரனுக்கு நல்ல வாயாடியா பொறந்திருக்குதப்பா!" என்றார்.

மூத்தார் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. ஊரில் கேள்விப்பட்டது வாய் பேசாத பிள்ளை. இதுவோ பேசுகிறது. இனி யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் மட்டும் சும்மா நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவள் கையில் வைத்து, "உங்கம்மா எங்க போயிருக்கா கண்ணு?" என்று கேட்டார்.

"உங்கம்மா எங்க போயிருக்கா கண்ணு" என்றாள் அவள்.

மறுபடி சிரிப்பு. அவள் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள். "உங்கம்மா எங்க போயிருக்கா கண்ணு. உங்கம்மா எங்க போயிருக்கா கண்ணு." நாலாவது தடவை சிரிப்பு குறைந்தது. ஆறாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் பதில் தெரியாமல் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், அது வெறும் திருப்பிச் சொல்வதுதான். ஆனாலும் என்னால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நாந்தாங்க அவ அம்மா" என்றேன்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மூத்தார், "ஏய், உள்ள போ" என்றார். நான் உள்ளே போனேன். பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஆம்பிளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சீட்டைக் காட்டி அந்தப் பெயரைப் படித்தேன். "இது பைத்தியம் இல்லீங்க. சாமி குத்தமும் இல்லீங்க. ஒட்டிக்கிற நோயும் இல்லீங்க. பொறக்கும்போதே மூளை வேற மாதிரி இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. அவளுக்குச் சத்தம் ஆகாது, கூட்டம் ஆகாது. அடிக்க மாட்டா. திருட மாட்டா. சொன்னதையே சொல்லுவா. இன்னிக்கு அவ சொன்னது நாங்க சொல்லிக் குடுத்த பொய்யிங்க."

"எங்கள முட்டாளாக்கப் பார்த்தீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எடுத்த பணத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊட்டுக்கு வார புள்ளைக்கும் இப்படிப் பொறக்குமா?" என்று கேட்டார்.

அதே கேள்வியை நான் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளப் பயம். உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். இப்போது எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற நாத்தனார், இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யை இப்போதுதான் உடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், இன்னொன்று வரவில்லை.

"தெரியாதுங்க. டாக்டருக்கே தெரியாதுன்னு சொன்னாரு" என்றேன்.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளை அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போது, "எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதுங்க மாமா" என்றார்.

"உன்னைய எவன்டா கேட்டான்?"

"கட்டிக்கப் போறவன் நாந்தானுங்களே."

ஊர்க்கவுண்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம் என்னப்பா? வெட்டா ஒட்டா, ஒண்ணச் சொல்லுங்க. மூணு மணி பஸ்ஸ உட்டா அப்புறம் இந்த ஊட்டுச் சுக்குத்தண்ணிதான் ராத்திரிக்கும்" என்றார்.

நான்கு பேரும் வெளியே பலாமரத்தடிக்குப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து தாய்மாமன் சொன்னார்: "மூவாயிரத்தி ஐநூறு. சம்மதம்னா நாளக் குறிங்க. இல்லைன்னா பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மூத்தார் எழுந்துவிட்டார். "அடிவாரத்துப் பாத்திரக்கடை பாய்கிட்ட ஐயாயிரத்துக்குச் சாமான் சொல்லி வெச்சிருக்கேன். ஒரு ரூவா கொறைஞ்சாலும் வேண்டாம்" என்றார். நாத்தனார் கதவுக்குப் பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது இடமும் தட்டிப்போகப்போகிறது, இது என் பெயரில்தான் நிற்கும் என்று எனக்குப் புரிந்தது.

"கொறையறத நான் தாரேனுங்க மாமா" என்றேன் மூத்தாரிடம்.

எங்கிருந்து தருவேன் என்று எனக்கே தெரியாது. மூத்தார் என்னையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊர்க்கவுண்டரு கேட்டுக்கிட்டாரு" என்றார். பணம் தட்டுக்கு வந்தது. எண்ணினார்கள். நாள் குறித்தார்கள். என் மகள் அந்தப் பழத்தை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை அம்மாவின் முந்தானையைக் கடைசி வரை விடவே இல்லை. அவரும் பிடுங்கவில்லை.

அவர்கள் போன பிறகு நாத்தனாரும் நானும் டம்ளர் கழுவினோம். அவள் என் பக்கம் திரும்பவில்லை. "என் வெலையக் கொறச்சுப்புட்டீங்க அண்ணி" என்றாள். கேலியா, குத்தலா என்று அன்றும் தெரியவில்லை, பிறகு கேட்கவும் தைரியம் வரவில்லை. கல்யாணத்தன்று மட்டும், மேளம் ஆரம்பிக்கப்போகிறார்கள், புள்ளையத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க என்று மணைக்குப் போகிற அவசரத்திலும் எனக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அந்தச் சீட்டை நான் டப்பாவில் வைக்கவில்லை, இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில், இவளை உட்கார வைக்க முடியாதும்மா என்றார்கள். சீட்டைக் காட்டி, உட்கார வேண்டாம் சார், பின்னால் நின்றுகொண்டே இருக்கட்டும் என்று பத்து நாள் போய்க் கேட்டேன். பதினோராவது நாள் சேர்த்தார்கள். பஸ் பாஸுக்காக நாமக்கல்லில் சர்டிபிகேட் வாங்க மூன்று தடவை மலையிறங்கினேன். இப்படி ஒரு பெயர் எங்கள் ஃபாரத்தில் இல்லை, மனவளர்ச்சி குன்றியவர் என்று போட்டால்தான் கிடைக்கும் என்றார் அங்கிருந்தவர். அது இல்லை சார், இது வேறு என்று வாதாடிப் பார்த்தேன். பிறகு பாஸ் வேண்டுமே என்று வாங்கிக்கொண்டேன். இன்னும் அந்தத் தாளைப் பார்த்தால் எனக்கு உறுத்தும்.

மூத்தாருக்குத் தர வேண்டியதை மிளகு பறிக்கப் போகிற கூலியில் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்து வந்தேன். வாங்கும்போதெல்லாம் காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் குறிப்பார். மூன்று தடவை நாமக்கல் போனதில் கொடுக்கிறது நின்றுபோனது. அவர் மறக்கவில்லை. காதுகுத்து, சீர், நோம்பி எது நடந்தாலும், எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு கேட்பார். இந்தப் பொங்கலுக்கும் கேட்டார்.

"கணக்கு நெனப்பிருக்குதா?"

"இருக்குதுங்க மாமா."

"அஞ்சு வருசமாச்சு."

"ஆமாங்க."

என் வீட்டுக்காரர் எழுந்து, நான் கொடுத்துவிடுகிறேன் அண்ணா என்றார். நாத்தனாரும் கைப்பையைத் திறந்தாள். இரண்டு பேரையும் வேண்டாம் என்றேன். அன்றைக்கு வாய் திறந்தது நான், என் மகளுக்காகத் திறந்தது, வேறு யாரும் அதற்குப் பணம் கட்டினால் எனக்கு மனசு ஒப்பாது. அடுத்த மாதம் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, பஸ்ஸுக்கும் மருந்துக்கும் எடுத்து வைத்துவிட்டு மிச்சமிருந்தால் தருகிறேன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். ஆயிரத்து ஐந்நூறில் இதுவரை எண்ணூற்று இருபது கொடுத்திருக்கிறேன். இன்னும் அறுநூற்று எண்பது ரூபாய் தர வேண்டும்.