சம்பந்தியைத் திட்ட ஒத்திகை

சாவக் கெடக்கிறவங்களுக்கு ஆயா வேலை பார்த்தேன்னு சொன்னா போதும், எதிர்ல இருக்கிறவங்க உச்சுக் கொட்ட ஆரம்பிச்சுடுவாங்க. "ஐயோ பாவம், எப்படித்தான் தாங்கினியோ"ம்பாங்க. எனக்கு அப்படியே பத்திக்கினு வரும். என் ஆயுசுல வயிறு வலிக்க சிரிச்சதெல்லாம் அந்த ஓட்டுக் கட்டடத்துலதான். சொன்னா நம்ப மாட்டாங்க. நம்பாட்டி போங்க, எனக்கு இன்னா.

படப்பைக்கு இந்தாண்ட, மாந்தோப்புக்குள்ள இருந்துச்சு அந்த வூடு. எழுபதுகளோட கடைசி. மலையாளத்து கன்னியாஸ்திரீங்க நடத்தினாங்க. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில "இனிமே வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க"ன்னு கையை விரிச்சவங்க, வூட்டுல பார்த்துக்க ஆள் இல்லேன்னா எங்க கிட்ட வருவாங்க. இன்னிக்கு அந்த ரோட்டுல ஷிப்டு பஸ்ஸுங்க போற போக்குல நாம தாண்ட முடியல. அப்போ அங்க மாடு படுத்துக்கினு இருக்கும். நான் பொறந்தது மணிமங்கலம், வாக்கப்பட்டது சேரப்பணஞ்சேரி. நடவுல முதல் அடி எடுத்துப் பாடறவ நான்தான். வேலைக்குச் சேர்ந்தும் வாய் சும்மா இருக்கல. பெட்ஷீட்டு அலசறப்போ பாடிக்கினே அலசுவேன்.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அங்க படுத்திருந்த ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டா. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டாண்ட இட்லி சுட்டு வித்தவ. கர்ப்பப்பையில புத்துநோவு. ஆளு காஞ்ச மொளகாயாட்டம் வத்திப் போயிருந்தா, குரல் மட்டும் வத்தல. புருஷன் எப்பவோ போயிட்டான். ஒரே பொண்ணு. தம்பி வூட்டுல விட்டு வெச்சிருந்தா.

"ஏண்டி, பாடறியே, நலங்குக்கு ஏசல் பாடுவியா?"ன்னா.

எங்க பக்கம் கல்யாணத்துல மாப்பிள்ளையையும் பொண்ணையும் எதிரெதிரா உக்கார வெச்சு நலங்கு வெப்பாங்க. அப்போ ரெண்டு வூட்டுப் பொம்பளைங்களும் பாட்டாலயே ஒருத்தரை ஒருத்தர் கிழிப்பாங்க. முக்கியமா சம்பந்தியம்மாளை. யாரும் கோவிச்சுக்கக் கூடாது, பதிலுக்குப் பாடணும். பதில் வராம முழிச்சா தோத்தாச்சு.

"பாடுவேன்க்கா. யாருக்குக் கல்யாணம்?"

"எம் பொண்ணுக்கு."

"மாப்பிள்ளை எந்த ஊரு?"

"இன்னும் பார்க்கலடி."

நான் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கல. "சம்பந்தி வர்றப்போ நான் இருக்க மாட்டேன். திட்டை இப்பவே கட்டி வெச்சுடறேன். மாவு இருந்தா இட்லி எப்ப வேணாலும் ஊத்திக்கலாம். நீ பாடு"ன்னா.

ரெண்டு இடம் வந்து தட்டிப் போச்சாம். தாய்க்கு இருக்கிற நோவு மகளுக்கும் வரும்னு எவளோ ஊதிவிட்டிருக்கா. பொண்ணோ வாயில்லாப் பூச்சி. யார் இன்னா சொன்னாலும் தலையைக் குனிஞ்சுக்கும். அதுக்கு ஒரு வூடு அமையறதுக்குள்ள கண்ணை மூடிடுவோமேன்னுதான் அக்காவுக்கு அடி வயித்துல நெருப்பு. நோவு கூட ரெண்டாம்பட்சம்தான்.

அன்னிலேர்ந்து ஆரம்பிச்சோம். மாப்பிள்ளை யாருன்னே தெரியாதே, எப்படித் திட்டறது? அக்கா விடல. கறுப்பா இருந்தா ஒண்ணு, செவப்பா இருந்தா ஒண்ணு, குள்ளமா இருந்தா ஒண்ணுன்னு கட்டினா. "நெட்டையா இருந்தா?"ன்னேன். "கொட்டாய்க்கு முட்டுக் குடுக்க மூங்கில் வாங்க வேணாம்"னு வுட்டா பாரு ஒண்ணு, நான் மருந்துத் தட்டை அப்படியே கீழ போட்டுட்டேன். எல்லாம் என் மண்டையிலதான் இருந்துச்சு. எங்க ரெண்டு பேருக்கும் எழுத்து சரியா வராது.

சில சமயம் அடி பாதியிலயே வலி வந்துடும். என் மணிக்கட்டைப் பிடிச்சு நசுக்குவா. ஊசி போட்டு, மூச்சு வாங்கி, கண்ணைத் தொறந்ததும் மொத வார்த்தையே மீதி அடிதான். சம்பந்திக்குன்னு அவ கட்டினதுல எனக்குப் பிடிச்சது இது:

சப்ப மூக்குச் சம்பந்திக்குத் தங்க மூக்குத்தி ஆசையாம்
சறுக்கிச் சறுக்கி வுழுவுதுன்னு சாணி வெச்சு ஒட்டினாங்க!

மரப்பலகைத் தடுப்புக்கு அந்தாண்ட ஆம்பளைங்க பக்கம். அங்க ஒரு பம்பைக்காரர் படுத்திருந்தாரு, நுரையீரல் போனவரு. சாமி ஊர்வலத்துக்கெல்லாம் பம்பை அடிச்ச கையி சும்மா இருக்குமா? கழுவி வெச்ச பெட்பேனைக் குப்புறப் போட்டு எங்க பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பிச்சாரு. "அண்ணே, அது இன்னாதுன்னு தெரியுமா?"ன்னு கத்தினேன். "நாதம் நல்லா கீதும்மா!"ன்னாரு பலகைக்கு மேல.

இதுல எங்க பெரிய சிஸ்டர் வேற. தங்கமானவங்க. தமிழ் மட்டும் தட்டுத் தடுமாறும். ஒரு நாள் சமையக்காரம்மா கையில ஒரு கிண்ணத்தைக் குடுத்து முன்னால அனுப்பிட்டு, கண் கலங்கப் பின்னாலயே வந்தாங்க. தொறந்து பார்த்தா தேங்காச் சட்னி. "பாவம், எப்போழும் சம்மந்தி சம்மந்தின்னு பாடிக் கரையுதே, கொடுங்க"ன்னாங்க. அவங்க ஊர்ல சட்னிக்குப் பேரு சம்மந்தியாம்! இட்லிக்காரி சாவறப்பவும் சட்னிய நெனைச்சு உருகறான்னு நெனைச்சுட்டாங்க. அக்கா சிரிச்ச சிரிப்புல பெட்டு ஆடுச்சு. அப்புறம், "பரவால்ல சிஸ்டரம்மா, சம்பந்தியைக் கடிச்சுத் தின்னுடறேன்"னு விரலால வழிச்சு நக்கினா. ஒரு கவளம் சோறு இறங்காத வாயி, கிண்ணத்தைக் காலி பண்ணிடுச்சு.

ஒரே ஒரு தடவைதான் எங்களுக்குள்ள சண்டை. "எல்லாம் திட்டாவே கீதேக்கா, கடைசியில ‘எம் பொண்ணைக் கண்ணா வெச்சுக்கோ’ன்னு ஒரு அடி போடலாமே"ன்னேன். மொறைச்சா.

"கெஞ்சினா ஏறி மிதிப்பாங்கடி. திட்டினாத்தான், ‘இவ ஆத்தா வாய்க்காரி, இவ கிட்ட வெச்சுக்கக் கூடாது’ன்னு ஒரு பயம் இருக்கும். நான் செத்தாலும் அந்த பயம் அங்க குந்திக்கினு இருக்கணும்."

நான் தலகாணியைத் தட்டிப் போடற சாக்குல மூஞ்சியைத் திருப்பிக்கினேன். கண்ணு கலங்கினதைப் பார்த்தா அதுக்கும் திட்டுவா.

அப்பதான் பென்னலூர்லேர்ந்து மூணாவதா ஒரு இடம் வந்துச்சு. பையன் அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில ஃபிட்டர். ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றதாப் பேச்சு. அக்காவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கறுப்பு, செவப்பு, குள்ளம் எல்லாத்தையும் தூக்கி ஓரமா போட்டுட்டு ஃபிட்டருக்குப் புதுசா கட்டினா:

கம்பெனிக்குப் போற மாப்ளே, கழுத்துல இன்னா சங்கிலி?
கழட்டிப் பார்த்தா சைக்கிள் செயினு, கறுப்பு மையி ஒழுவுது!

இதையெல்லாம் சேர்த்து ஒரு தடவை முழுசாப் பாடிப் பார்த்துடணும்னா. "காத்தைப் பார்த்துத் திட்டினா சூடு வராதுடி. சம்பந்தியா நடிக்க ஒரு ஆளைப் புடிச்சாந்து உக்கார வை"ன்னா. நான் யாரைப் புடிக்கிறது? வராண்டாவுல ஒரு அம்மா நின்னுக்கினு இருந்தாங்க. சுங்குடிப் புடவை, கையில பை. யாரையோ பார்க்க வந்தவங்கன்னு நெனைச்சேன். "ஏம்மா, கொஞ்சம் வாயேன். ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா குந்திக்கினு திட்டு வாங்கணும். எங்க அக்காவுக்கு ஒரு ஆசை"ன்னேன். அந்தம்மா தயங்கிச்சு. கையைப் புடிச்சு இழுத்துக்கினு வந்து ஸ்டூல்ல உக்கார வெச்சுட்டேன்.

அக்கா தலகாணியில சாய்ஞ்சு ஆரம்பிச்சா. பெட்பேன் தாளம் ஏறுச்சு. சம்பந்தி இடுப்பைத் திட்டினா, அது ஏறி உக்கார்ந்தா மாட்டு வண்டி அச்சே முறியுதுன்னா. அந்தம்மா உதட்டைக் கடிச்சுக்கிச்சு. மூக்குப் பாட்டு வந்துச்சு. அப்பதான் நான் பார்க்கிறேன், அந்தம்மாவுக்கு நெசமாவே சப்ப மூக்கு! கண்ணு காட்டினேன், அக்கா நிறுத்தல. மாப்பிள்ளையோட சைக்கிள் செயினு வந்தப்போ அந்தம்மா மூஞ்சி செவந்துடுச்சு. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிச்சு. எழுந்து போயிடப் போறாங்கன்னு பார்த்தா, வாயைத் தொறந்து கணீர்னு ஒரு எடுப்பு எடுத்துச்சு:

இட்லி விக்கிற சம்பந்தியம்மா, இட்லி ரெண்டு குடுங்கம்மா
எடுத்து வுட்டா மண்டை ஒடையும், எங்க ஊரு நாயும் ஓடும்!

வார்டே கொல்லுனு சிரிச்சுச்சு. ஒக்காரவே முடியாதவங்க எல்லாம் எழுந்து ஒக்கார்ந்துட்டாங்க. அக்கா வுடுவாளா? அவ ஒண்ணு, இவ ஒண்ணு, அவ ஒண்ணு, இவ ஒண்ணு. பம்பைக்காரரு "அடி, அடி!"ன்னு பலகைக்கு அந்தாண்டலேர்ந்து கூவறாரு. சிஸ்டரம்மா வாசல்ல நின்னு கை தட்டறாங்க, இன்னாத்துக்குன்னு அவங்களுக்கே தெரியாது.

திடீர்னு அக்கா நிறுத்திட்டா. "ஏம்மா, நான் இட்லி விக்கிறவன்னு உனக்கு யாரு சொன்னது? நீ எந்த ஊரு?"

அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "பென்னலூரு."

நான் அப்படியே செவுத்தோட ஒட்டிக்கினேன். நெசச் சம்பந்தியையே புடிச்சாந்து திட்டு வாங்க வெச்சிருக்கேன், நானே, கையைப் புடிச்சு இழுத்து! மூணாவது இடமும் போச்சு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்னு நெனைச்சேன்.

அக்காவுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அவ மொத தடவையா மெதுவாப் பேசினா. "எதுக்கும்மா இங்க வந்தே?"

"பொண்ணைப் பார்க்கிறதுக்கு முன்ன, இந்த நோவு பொண்ணுக்கும் வருமான்னு இங்க இருக்கிறவங்களைக் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

"கேட்டியா?"

"எங்க கேக்க வுட்டீங்க?" அந்தம்மா மூக்கைத் தடவிப் பார்த்துக்கிச்சு. அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுச்சு. "நோவு வந்தா பார்த்துக்கலாம். இந்த வாயி வந்தாத்தான் என்னால தாங்க முடியாது!"

தட்டு மாத்தினதே எங்க வார்டுலதான். வெத்தலை பாக்குத் தட்டை அக்கா மடியில வெச்சாங்க. தையில கல்யாணம்னு குறிச்சாங்க. "தை வரைக்கும் இருப்பேனா?"ன்னு டாக்டரைக் கேட்டா. அவரு பேசாம நாடியைப் பார்த்தாரு. "சரி வுடுங்க, உங்களுக்கும் பதில் பாட்டு வரல"ன்னா அவரை.

கார்த்திகையில போயிட்டா. கடைசி வாரத்துல குரலும் போயிடுச்சு, உதடு மட்டும் அசையும். நான் பாடுவேன், தப்பா பாடினா புருவத்தைத் தூக்குவா. நான் அழுதேன், நல்லா அழுதேன். எத்தனையோ பேரை அனுப்பி வெச்சவதான், இவளை அனுப்ப எனக்கு மனசு வரல.

தையில நடக்கல. அக்காவோட தம்பி, அதான் பொண்ணோட மாமா, வருஷம் தாண்டட்டும்னாரு. பென்னலூர்க்காரம்மா கேக்கல. "வருஷத்துக்குள்ள பண்ணிடலாம்னு முறை கீதுல்ல, பண்ணுவோம். வருஷம் தாண்டறதுக்குள்ள ஏக்கத்துலயே பொண்ணுக்குச் சோறு இறங்காம போயிடும்"னு சண்டை போட்டு வைகாசியில வெச்சுது. ஆனா மாமா வூட்டுல ஒரு கட்டளை: பெத்தவ செத்து வருஷம் திரும்பல, நலங்குல ஏசல் கீசல் கூடாது.

நலங்கு அன்னிக்கு எல்லாரும் எழவு வூடாட்டம் உக்கார்ந்திருந்தாங்க. பொண்ணு மரப்பாச்சியாட்டம் மணையில குனிஞ்சிருக்குது. கையில நலங்கு தடவினாக்கூட அதுக்குத் தெரியல. நான் கும்பலுக்குப் பின்னால வாயை மூடிக்கினு நிக்கிறேன். உள்ள அத்தனையும் கொதிக்குது.

பென்னலூர்க்காரம்மா சுத்தும் முத்தும் பார்த்துச்சு. "இன்னா, பொண்ணு வூட்டுல திட்டறதுக்கு ஒரு நாதி இல்லையா?"

அது போதும் எனக்கு. மாமா மொறைச்சாரு, மொறைச்சுக்கோன்னு எடுத்தேன். இடுப்பு, மூக்கு, சைக்கிள் செயினு, ஒண்ணு வுடல. அக்கா எங்க இழுப்பாளோ அங்க இழுத்தேன். சனம் மொதல்ல திகைச்சுது, அப்புறம் சிரிச்சுது. பொண்ணு மட்டும் நிமிரல. முடிச்சுட்டு நின்னேன். அவங்க பதிலு பாடணும். அந்தம்மா நடுவுல வந்து நின்னுச்சு. என்னைப் பார்க்கல, பொண்ணையும் பார்க்கல. பொண்ணுக்குப் பக்கத்துல பெத்தவ உக்கார வேண்டிய எடம் காலியா இருந்துச்சு, அதைப் பார்த்துப் பாடிச்சு:

மஞ்சள் அரைச்சு வெச்சாச்சு, மாப்ளை வந்து குந்தியாச்சு
மல்லுக்கு நின்ன சம்பந்தி, மறைஞ்சு எங்க ஓடிட்டே?
சண்டை போட ஆளில்லாம சபையில நான் நிக்கிறேன்
சாமிகிட்டச் சொல்லிக்கினு சட்டுனு வாடி, திட்டுடி!

செத்தவளை நல்ல காரியத்துல கூப்பிடலாமான்னு ஒரு கெழவி முணுமுணுத்தா. நான் பதில் சொல்லணும். எங்கிட்ட அடி இல்ல. இதுக்கு அக்கா ஒண்ணும் கட்டி வெக்கல. நான் வாயைத் தொறந்துக்கினு நிக்கிறேன், தோத்தாச்சு.

அப்போ மணையிலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. நடுங்குது. ஆனா அக்காவோட அதே இழுப்பு, கடைசியில அதே வெட்டு, எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அந்த வாயில்லாப் பூச்சிதான். தலையை நிமிர்த்தி, மாமியாக்காரி மூஞ்சியை நேராப் பார்த்துப் பாடுது:

ஓடிப் போகல சம்பந்தியம்மா, ஒங்க வூட்டுக்குத்தான் வரேன்
உறியில கீற நெய்யை மட்டும் ஒளிச்சுக் கிளிச்சு வெக்காதே!

கல்யாணப் பொண்ணு தன் நலங்குல தானே பாடி நான் கேட்டதில்ல, அதுக்கு முன்னயும் இல்ல, அப்புறமும் இல்ல. பாடி முடிச்சுட்டு அது ஓன்னு அழுதுச்சு. கார்த்திகையிலேர்ந்து அழாத அழுகை. பென்னலூர்க்காரம்மா மணையிலயே குந்தி அதைக் கட்டிக்கிச்சு. அதுவும் அழுவுது, சிரிக்குது, மூக்கைச் சிந்துது.

"வந்துட்டா பாரு, வாய்க்காரி"ன்னுச்சு. "வாடி, வா. நெய்யெல்லாம் உனக்குத்தான்."