வெயிலுக்கு முந்திய பெட்ரோல்

திரவங்கள் சூட்டில் விரியும் என்று பிசிக்ஸ் வகுப்பில் போர்டில் எழுதிப் போட்டபோது, எனக்கு எங்கள் டாக்சியின் பெட்ரோல் டேங்க்தான் ஞாபகம் வந்தது. அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எப்போதும் உச்சிவெயிலில்தான் பெட்ரோல் போடுவார். அப்படியானால் இத்தனை வருஷமாக உப்பிப்போன பெட்ரோலுக்கா காசு கொடுத்தோம்? விடியற்காலையில் போட்டால் அதே லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வருமே. மீதி வகுப்பு என் காதில் ஏறவில்லை.

எனக்கு இந்த அவசரம் வந்ததற்குக் காரணம் அக்காவின் கடிதம். கீழக்கரையில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் போவதெல்லாம் பஸ்ஸில். "எங்க அத்தாவுக்குச் சொந்தக் கார் இருக்குன்னு சொன்னா இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒரே ஒரு தடவை அது நம்ம வாசல்ல வந்து நின்னாப் போதும்" என்று எழுதியிருந்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் காரைத் துடைத்திருக்கிறோம், பூ கட்டி அழகு பார்த்திருக்கிறோம். எங்கேயும் ஏறிப் போனதில்லை. டேங்கில் இருக்கும் பெட்ரோல் சவாரிக்காரருடையது என்பார் அத்தா.

என் கணக்கை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, டிக்கியில் கிடந்த இருபது லிட்டர் கேனைக் காட்டினார்.

"இது ரொம்புற அளவுக்கு மிச்சம் பிடிச்சுக் காட்டு. மறுநாளே போவோம்."

அன்று சாயங்காலமே கார் வருகிறது என்று அக்காவுக்கு எழுதிவிட்டேன். பதில் உடனே வந்தது. தெருவில் எந்த ஹாரன் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடுகிறாளாம்.

இரண்டு வாரம் அத்தா இருட்டோடு எழுந்து பெட்ரோல் பங்குக்குப் போனார். கேனுக்கு எடுத்து ஊற்ற ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. ஆதாரம் இல்லாமல் விடக் கூடாது என்று லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை விடியலில் நானும் கூடப் போனேன். டம்ளரில் கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன்.

"என்ன பாய், மகளுக்கு அம்புட்டுத் தாகமா?" என்றார் பங்குக்காரர்.

தெர்மாமீட்டரை அதில் முக்கிச் சூட்டைக் குறித்துக்கொண்டேன். மெட்ராஸ் ரயில் வரும் நேரமாகிவிட்டதால், என்னை வீட்டில் விடாமல் நேரே ஸ்டேஷனுக்கு ஓட்டினார் அத்தா. ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னால் ஏழு டாக்சி. முந்தி வந்தவருக்குத்தான் முதல் சவாரி.

"வாங்க பாய். ரெண்டு வாரமா கடைசி பெஞ்சுதானா?" என்று ஒரு டிரைவர் சிரித்தார்.

அத்தா என் பக்கம் திரும்பவில்லை. அதுவரை தினமும் முதல் ஆளாக நின்றவர் அவர். பங்குக்குப் போய் வந்ததில் இடம் போனது. ரயில் சவாரியும் போனது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயில் வந்தது. முன்னால் ஒரு கார் கிளம்பினால் பின்னால் நின்ற அத்தனையும் உறுமி, பத்தடி நகர்ந்து, அணைந்தன. அத்தா ஏழு தடவை ஸ்டார்ட் செய்தார். எங்கள் முறை வந்தபோது பிளாட்பாரம் காலி.

மத்தியானம் மறுபடி பங்கு. அதே டம்ளர், அதே தெர்மாமீட்டர். அரை டிகிரிகூட ஏறியிருக்கவில்லை. பங்குக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை.

"டேங்க் பூமிக்குள்ள கெடக்கும்மா. அங்க ஏது விடியலும் மத்தியானமும்?"

வழியெல்லாம், ஜன்னலுக்கு ஓடிக்கொண்டிருக்கும் அக்காதான் கண்ணுக்குள் நின்றாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய அத்தா இறங்காமலே கேட்டார்:

"வேற யோசனை இருக்கா?"

இருந்தது. ஏழு தடவை ஸ்டார்ட் செய்தது வழி நெடுக என்னை அரித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நகர இன்ஜின் எதற்கு? தள்ளினால் போதாதா? அந்தப் பெட்ரோல் கேனுக்கு மிஞ்சுமே. ஒரு ஆள் தள்ள, ஒரு ஆள் ஸ்டீரிங் பிடிக்க வேண்டும் என்றேன்.

"தள்ளுறது நானு. பிடிக்கிறது யாரு?" என்றார். பிறகு அவரே கீழே இறங்கி, டிரைவர் பக்கக் கதவை எனக்காகத் திறந்து பிடித்தபடி நின்றார்.

நாளை ஞாயிறு, காலேஜ் இல்லை. மெட்ராஸ் ரயிலுக்கு முன்னால் ஸ்டாண்டில் இருப்போம். ஸ்டீரிங்கில் நான், பின்னால் அத்தா. சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும்.